கத்தரிக்கோல் விழுந்த சத்தம்

சோலோமா நகரில், அமெரிக்காவுக்குச் சட்டை தைக்கும் அந்த ஆலையில், ஒரு கத்தரிக்கோல் தரையில் விழுந்தால் ஆறாம் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் கை மெதுவாகிவிடும். கடிகாரக்காரன் வருகிறான் என்று, முதலில் பார்த்தவள் தரும் சைகை அது. ஒரு சட்டையில் கைப்பகுதியை இணைத்துத் தைக்க எத்தனை நொடி ஆகிறதென்று அளப்பான். வேகம் காட்டினால் அடுத்த வாரமே இலக்கு ஏறும். கூலி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது.

ஆறாம் வரிசை நோல்வியாவுக்கு இது தெரியாததா? சேர்ந்த காலத்தைப்போல் இரண்டு மடங்கு தைக்கிறாள் இன்று. அந்தக் காலத்துச் சம்பளத்தில் வீட்டுக்கு இறைச்சி வந்தது. இப்போது பீன்ஸ் வாங்குவதே பெரும்பாடு. வரிசை முழுவதும் இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகைதான் ஒவ்வொருத்திக்கும் வீட்டு வாடகை.

மேற்பார்வையாளர் ரிகோபெர்த்தோ ஒருநாள் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தோள் வலியாமே அக்கா? கொஞ்சம் பேரை நிறுத்தப் போறாங்களாம். பாத்துக்குங்க."

அந்த அக்கறையில் தீயை வைக்க! அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த ஆலையில் அது கிழவியின் வயது.

மறுநாள் கத்தரிக்கோல் விழுந்தது. பக்கத்து மெஷின் துனியா வேண்டுமென்றே நூலை அறுத்துவிட்டு, கோப்பதுபோல் பாசாங்கு செய்தாள். கடிகாரக்காரன் நேரே வந்து நோல்வியாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். மெதுவாகத் தைத்தால் இவளால் ஆகாது என்று எழுதிவிட்டால்? கால் தானாக மிதியை அழுத்தியது. சட்டைகள் பறந்தன.

அவன் போனதும் துனியா சீறினாள். "பைத்தியமாடி உனக்கு?"

"என்னைத் தூக்கிடுவாங்கடி..."

"அதுக்கு எங்க எல்லார் வாயிலயும் மண்ணள்ளிப் போடுவியா?"

அவள் வேலை தப்பித்தது. திங்கட்கிழமை பலகையில் புது இலக்கு ஏறியது. மதியம் சாப்பாட்டு மேசையில் யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. "மகாராணி தனியா உக்காரட்டும்," என்றாள் ஒருத்தி. நோல்வியா சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டாள்.

பயத்தில் பத்து நிமிடம் ஓடிய கை, நாள் முழுக்க ஓடுமா? வாரக் கடைசியில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ இலக்கைத் தொட்டார்கள். ஒரே ஒரு மெஷினில் மட்டும் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. வரிசைக்கே ஊக்கத்தொகை போயிற்று.

ரிகோபெர்த்தோ அந்தக் குவியலைப் பார்த்தார். நிஜமாகவே புரியாதவர்போல் கேட்டார்:

"என்னக்கா இது? இது நீங்க தச்சுக் காட்டின வேகம்தானே?"