காதில் போட்டுக் காட்டுங்க!

ஓடும்போது காதிலிருந்து விழவே விழாத இயர்பட் என்று ஒன்றை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆனால் அது விழுந்ததும் திட்டு வாங்குவதற்கென்றே கண்டி டவுனில் ஒருவன் இருக்கிறான், அது நான்தான்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு போன் சாமான் கடை. திகனயிலிருந்து பஸ் ஏறி வந்து ஒன்பது வருஷமாக அங்கே நிற்கிறேன். ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் போடுகிற வயரில்லாத பட்ஸ்தான் என் பொறுப்பு. வாங்குகிறவரின் போனோடு அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காதுக்குச் சரியான ரப்பரைத் தேடி மாட்ட வேண்டும். தலையை ஆட்டச் சொல்ல வேண்டும். கழன்று விழுந்தால் குனிந்து தேட வேண்டும்.

கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிற சகோதர சகோதரிகளே, செருப்புக் கடையோ சீலைக் கடையோ, நீங்கள் எங்கே நின்றாலும் சரி, இதைப் படித்தால் உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும். ஒன்பது வருஷம் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதற்கு யாராவது கோபப்பட வேண்டாமா? இதில் என் இடது காது போன கதையும் இருக்கிறது. அது கடைசியில்தான் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பல்ப் வழக்கம்

எங்கள் முதலாளியின் அப்பா இதே கடையில் பல்பும் டோர்ச்சும் விற்றவர். நம் ஊரில் பல்ப் வாங்கினால் கடைக்காரர் அதை ஹோல்டரில் போட்டு எரியவைத்துக் காட்ட வேண்டும். எரிந்து பார்க்காத பல்பை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். அப்பா போய் மகன் வந்தார், பல்ப் போய் பட்ஸ் வந்தது, வழக்கம் மட்டும் போகவில்லை. டெஸ்ட் பண்ணிக் காட்டாமல் ஒரு சாமானும் கடையை விட்டுப் போகக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஹோல்டருக்குப் பதிலாக என் காது.

கலகெதரயிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். காலையில் நடக்கப் போகிறாராம். பெட்டியைப் பிரித்து, அவருடைய போனோடு சேர்த்து, "உங்க காதுல வச்சுப் பாருங்க டீச்சர்" என்று நீட்டினேன். தொடக்கூட இல்லை. "மொதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க. பல்ப் கூட எரியவச்சுக் காட்டித்தானே குடுக்குறாங்க?" என்றார். இரண்டையும் என் காதில் வைத்தேன். "சத்தத்த நல்லாக் கூட்டுங்க, எனக்கு வெளியே கேக்கணும்" என்றார். என் காதுக்குள் போட்ட பாட்டு கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவருக்குக் கேட்க வேண்டுமாம். முழுச் சத்தத்தில் வைத்தேன். மண்டைக்குள் தகரம் அடித்தது. அவர் எட்டிக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அதைத் தள்ளிவிட்டு, புதுப் பெட்டி ஒன்று கேட்டார். அதையும் பிரித்துத் தரவா என்றால், ஆமாம், அதையும் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார். அப்படியென்றால் அதுவும் என் காதுக்குள் போய் வந்ததாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். எனக்குப் புத்தி மட்டு என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுக்காக, நீங்க காதுல போட்டத நான் எப்படிங்க என் காதுல போடுறது?"

நாற்பத்துநாலு அங்குலம்

குண்டசாலையில் ஜிம் நடத்துகிற மாஸ்டர் ஒருவர். கதவளவு ஆள். ஒரே மாதத்தில் நான்கு தரம் வந்தார், நான்கு தரமும் ஒரே முறைப்பாடு: பாரம் தூக்கும்போது பட்ஸ் கழன்று விழுகிறது. நான்காவது நாள் கடைக்குள்ளேயே குதித்துக் காட்டினார். கண்ணாடி அலுமாரி நடுங்கியது. பட்ஸ் விழுந்து அலுமாரிக்கு அடியில் போனது. தேடி எடுத்தவன் நான்.

அவர் காதைப் பார்த்தேன். உடம்புக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. துவாரம் சின்னப் பிள்ளையுடையது மாதிரி. அவரோ பெட்டியில் இருக்கிற மூன்று சோடி ரப்பரில் ஆகப் பெரியதை மாட்டி வைத்திருக்கிறார். பெரியது சின்னத் துவாரத்துக்குள் இறங்காது, வாசலிலேயே நிற்கும், வியர்வை பட்டதும் வழுக்கும். சின்ன ரப்பரை மாட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே வைத்துப் பின்பக்கமாக லேசாகத் திருப்பிவிட்டேன். மறுபடி குதித்தார். அசையவில்லை. நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்லணும். ரப்பரின் அளவைக் கேட்டார். சின்னது என்றேன். முகம் கறுத்துப் போனது. கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நெஞ்சு நாப்பத்துநாலு அங்குலங்க, எனக்குப் போய் சின்ன சைஸ் தாறீங்களே, ஜிம்முல நாலு பேரு பார்த்தா என்ன நெனப்பாங்க?"

புதுசு கெட்டுவிடும்

இது சின்னக் கதை, ஆனால் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு அக்கா மூன்று நாளாகக் கடைக்குப் போன் பண்ணிக் கத்தினார். "ஒரு மணித்தியாலம் கூட பாடுதில்ல, ஏமாத்திட்டீங்க." கொண்டுவரச் சொன்னேன். மூடியைத் திறந்தால் சார்ஜ் ஏறுகிற இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. அதை உரிக்காமல் வைத்தால் ஒரு பொட்டு சார்ஜ்கூட ஏறாது. விற்கும்போது நானே உரிக்கப் போனேன், நகத்தை வைத்தபோது கையைத் தட்டிவிட்டவர் இதே அக்காதான். வீட்டில் டீவி ரிமோட்டுக்குப் பொலித்தீன் சுற்றி, கதிரைக்கு உறை கழற்றாமல் வைத்திருக்கிறவர் என்று பார்த்தாலே தெரியும். தாளை உரித்தேன். சார்ஜ் ஏறியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது:

"ஐயோ தம்பி, அத உரிச்சா புதுசு போயிடுமே!"

யாருடைய அழுக்கு

கந்தோர் ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்க்கிற ஐயா ஒருவர், காலையில் கண்டிக் குளத்தைச் சுற்றி ஓடுகிறவர். இடது பக்கத்தில் சத்தம் குறைந்துவிட்டது என்று கொண்டுவந்தார். திருப்பிக் கொண்டுவருகிற சாமானுக்கும் எங்கள் கடையில் அதே சட்டம்தான்: கொண்டுவந்தவர் பார்த்துக்கொண்டிருக்க என் காதில் போட்டு, பழுது உண்மையா என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு வரும். முன்பின் தெரியாதவர்களின் வியர்வையும் காய்ச்சலும் காதுப் புண்ணும் அதில் வரும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன். துடைத்தால் மேலே இருப்பது போகும்.

ஐயாவுடையதைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லைதான். ரப்பரைக் கழற்றினேன். உள்ளே சத்தம் வருகிற வலையே தெரியவில்லை, மெழுகு மாதிரி மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. பல் துலக்குகிற பிரஷ்ஷாலும் ஊசியாலும் அரை மணித்தியாலம் சுரண்டினேன். ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அவர் காதில் இருந்த சாமான். எடுத்த அழுக்கை ஒரு கடதாசியில் வைத்துக் காட்டியதும் இரண்டடி பின்னால் போனார்:

"சீச்சீ, இது என்னோட காது அழுக்கு இல்ல, வாங்கும்போதே உள்ள இருந்திருக்கும்!"

கிளினிக்கில்

போன வருஷம் என் இடது காது அரிக்கத் தொடங்கியது. பிறகு சீழ் வந்தது. பிறகு சத்தம் தூரமாகப் போனது. ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக்கு நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் குழாய் வைத்துப் பார்த்தார். பூஞ்சணம் பிடித்து, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, கேட்கிற சக்தி பாதி போய்விட்டது, போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இனிமேல் எந்தக் காதுக்குள்ளும் ஒன்றும் வைக்கக் கூடாது, வைத்தால் மற்றதும் இதே வழியில் போகும் என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவள் குரல் சின்னது. வாப்பாவுக்கு இடது பக்கம் கேட்காது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்து, என்னிடம் பேச வேண்டுமென்றால் வலப்பக்கமாகச் சுற்றி வந்து பேசுகிறாள். அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டொக்டர் அம்மா சொன்னது இன்னும் அப்படியே மனசில் இருக்கிறது:

"ஊர்ச்சனத்தின்ர காதையெல்லாம் உங்கட காதுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கிறீங்கள், தம்பி."

மற்றது இருக்குத்தானே

டொக்டர் அம்மா எழுதித் தந்த துண்டை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பெருநாளைக்கு லீவு கேட்காமலே தருவார். துண்டை இரண்டு தரம் வாசித்தார். உச்சுக் கொட்டினார். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். சட்டத்தை மாற்றப் போகிறார் என்று நினைத்து நெஞ்சு குளிர்ந்தது. டீயை நான் பாதி குடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எடது காதுதானே ரியாஸ், வலது நல்லாத்தானே இருக்கு?"

இரண்டு கிளாஸ்

அன்றைக்கு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று மாதம் வலது காதில் போட்டுக் காட்டினேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு காலையில் பஸ்ஸில் வரும்போது வலது காதும் அரித்தது. திகனயிலிருந்து டவுன் வரும்வரை மகளுடைய குரலைத் தவிர வேறொன்றும் என் நினைவில் இல்லை.

கடைக்கு வந்ததும் டீ குடிக்கிற கண்ணாடிக் கிளாஸ் இரண்டைக் கழுவிக் கவுன்டரில் வைத்தேன். முதலில் வந்தவர் பாங்கில் வேலை செய்கிற ஒரு மிஸ். பட்ஸில் ஒன்றை ஒரு கிளாஸிலும் மற்றதை அடுத்த கிளாஸிலும் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். கிளாஸுக்குள் பாட்டு தெளிவாகக் கேட்டது. யாருடைய காதும் தேவையில்லை. "குனிஞ்சு கேளுங்க மிஸ், ரெண்டும் வேலை செய்யுது" என்றேன். குனியவில்லை. காதில் போட்டுக் காட்டச் சொன்னார். "முடியாது மிஸ்" என்றேன். ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அவர் நேராக முதலாளியிடம் போய், "உங்க ஆளே காதுல போடப் பயப்படுறாரே, அப்ப சாமான்ல ஏதோ இருக்கு" என்றார்.

முதலாளி கொதித்துப்போய் வந்தார். என்னைத் தள்ளிவிட்டு, பட்ஸை எடுத்துத் தன் காதிலேயே மாட்டி, மிஸ்ஸுக்குச் சிரித்துக் காட்டினார். அதோடு விடவில்லை. எனக்குப் பாடம் படிப்பிக்க வேண்டுமென்று அடுத்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், டெஸ்ட் முழுவதையும் தானே செய்தார். பட்ஸைப் போனோடு சேர்த்துக் கொடுக்கிற வேலைக்கும் ரப்பர் மாட்டுவதற்கும் மட்டும் என்னை விட்டார். புதியதைப் போட்டார், திரும்பி வந்ததைப் போட்டார், குண்டசாலை மாஸ்டருடையதைக் கூடப் போட்டார். நான் ஸ்பிரிட் பஞ்சை நீட்டியபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டார்.

மூன்றாம் கிழமை சாவியை விட்டுக் காதைக் குடைந்துகொண்டு நின்றார். அடுத்த நாள் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி டொக்டரைச் சேனல் பண்ணப் போய்விட்டார். அதற்கு மறுநாள் நான் வந்தபோது சுவரில் மூன்று மொழியிலும் அறிவித்தல்: காதில் போட்டுக் காட்டப்பட மாட்டாது. கீழே புத்தம்புதுக் கிளாஸ் இரண்டு. அது தன் யோசனை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர்களும் பேசாமல் குனிந்து கிளாஸில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போகிறார்கள், ஒரு ஆள் கூட பல்பைப் பற்றிப் பேசவில்லை. காதில் மருந்துப் பஞ்சோடு முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, உண்மையாகவே மனம் நொந்து சொன்னார்:

"இது இவ்வளவு அரிக்கும்னு நீ முந்தியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ரியாஸ்!"

இப்போது எங்கள் கடையில் எல்லாருடைய காதும் பத்திரமாக இருக்கிறது, என் மகள் மட்டும் இன்னும் வலப்பக்கமாகச் சுற்றி வந்து பேசுகிறாள்.