பதிவு இல்லாத பாட்டு

பக்கத்து வீட்டு மாமா ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். சட்டம் தெரிந்த மனிதர். அதுதான் எங்கள் கெட்ட காலம். வவுனியாவில் எங்கள் ஒழுங்கையில் டிவியில் போவதைக் கசெற்றில் எடுக்கும் டெக் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான்.

கொழும்பில் தங்கிப் படித்த தங்கச்சி அன்று பின்னேரம் டிவியில் பாட இருந்தாள். அப்பா ஒட்டுசுட்டானில் வயலோடு நின்றுவிட்டார். அங்கே கரண்டும் இல்லை, டிவியும் இல்லை. மகளை அவர் கண்டு வருடக்கணக்காகியிருந்தது. சோதனைச் சாவடி தாண்டி வர ஆமியின் பாஸ் கிடைத்து அடுத்த கிழமை எங்களிடம் வருகிறார்; வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும். பாட்டை ஒரு கசெற்றில் எடுத்துத் தரும்படி அம்மாவும் நானும் மாமாவிடம் போய்க் கேட்டோம்.

டிவியில் போவது டிவிக்காரருடைய சொத்தாம் என்றார் மாமா. கேட்காமல் எடுத்து வைத்துப் பார்ப்பது களவாம். இதைச் சொன்னவருக்குப் பின்னால் அலுமாரி நிறையக் கள்ளப் பிரதிப் படக் கசெற்றுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் சுட்டிக் காட்டினால், அது கடைக்காரன் செய்த பிழையாம், தன்னுடையதில்லையாம்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. நான் கெஞ்சினேன்.

"பதிவெண்டால் சும்மாவோ தம்பி? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு," என்றார்.

அந்த நாளில் வவுனியாவில் பதிவு என்றால் பொலிஸ் பதிவுதான். அது இல்லாமல் ஒரு வீட்டில் படுத்தெழும்ப முடியாது. அம்மா சட்டென்று எழுந்தார்.

"பிள்ளைக்குக் கொழும்பில பதிவு இருக்கண்ணை. போட்டோக்கொப்பி வீட்டில கிடக்கு, கொண்டாறன்."

நான் மறிப்பதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினார். கடதாசியைக் கண்டால் மாமா வாசிக்காமல் விடுவாரா? கண்ணாடியைத் தேடினார். முத்திரையைப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது, அதையும் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தங்கச்சி பாடிக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவள் குரல் கேட்காது.

"முத்திரை இருக்கு. ஆரும் கேட்டால் காட்டலாம்," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். பாட்டு முடிந்திருந்தது.

கடைசியில் முகமாவது விழுந்திருக்கும் என்று நம்பினோம். அடுத்த கிழமை அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மாமா வீட்டில் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். சவர்க்கார விளம்பரம் ஒன்று ஓடியது. பிறகு திரை வெறுமையானது.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றார் அப்பா. "நான்தான் வடிவாப் பாக்கேல்லப் போல."