புவனாவின் முதல் கேள்வி

பெல்மதுளையில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது செல்வாவிடமிருந்து அழைப்பு வந்தது. செல்வா என் மனைவி புவனாவின் தம்பி. அன்று காலையில் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தவன் அவன்தான். என் மடியில் கஞ்சி பிளாஸ்க்கும் அவளுடைய மாற்று உடுப்புப் பையும் இருந்தன.

“மச்சான், எங்க வந்துட்டீங்க?”

“பெல்மதுளை.”

“சரி... மெதுவாவே வாங்க.”

முந்தின நாள் வரை சீக்கிரம் வாங்க என்று சொன்னவன். விளங்கிவிட்டது. பஸ் புறப்பட்டது. டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி இரத்தினபுரி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் என்று போனவள். டெங்கு என்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு அவளைப் பலாங்கொடையில் எங்கள் கடையில் வைத்துத்தான் தெரியும். பாரூக் நானாவின் துணிக்கடைக்கு மேல் மாடி. கம்ப்யூட்டர் திருத்துவது, போட்டோ பிரிண்ட், மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் என் வேலை. பழைய கேம் சீடிகள் அவள் பக்கம். டிவியில் மாட்டி விளையாடிய அந்தக் காலத்து மெசின் பழுதாகி, சீடி மட்டும் அலுமாரியில் கிடக்கிற வீடுகள் இங்கே நிறைய. சீடியைக் கொண்டுவந்தால், அதிலுள்ளதை அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு இமேஜாக எடுப்பாள். பிறகு அந்த மெசினைப்போலவே வேலை செய்யும் எமுலேட்டர் என்ற சாப்ட்வேரில் அதை ஓடவைத்துக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய் ஓடவில்லை என்று சிலர் திரும்பி வருவார்கள். அவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“கடைசியா என்ன மாத்துனீங்க?”

சிங்களத்தில் பேசுகிறவர்களிடம் அதையே சிங்களத்தில் கேட்பாள். ஒன்றுமே மாற்றவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டு காத்திருப்பாள்.

பாரூக் நானாவும் அப்படி ஒரு நாள் படியேறி வந்தார்.

“தங்கச்சி, நீங்க மகனுக்குத் தந்த கேம் மௌத்தாப் போச்சு.”

“அதெல்லாம் செத்துப் போகாது நானா. கடைசியா என்ன மாத்துனீங்க?”

“அல்லாவே, நான் ஒண்டும் மாத்தல்ல.”

“நல்லா யோசிங்க.”

“பேர மட்டும் கொஞ்சம் மாத்தின. மகன்ட பேர வெச்சா அழகா இருக்குமேண்டு...”

“அப்ப மாத்திட்டுத்தானே வந்திருக்கீங்க!”

ஒரு இமேஜ் என்பது பெரும்பாலும் இரண்டு பைல். பெரியதில் கேம் இருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னது, பெரியதன் பெயர் என்ன, அதில் எது எங்கே தொடங்குகிறது என்று எமுலேட்டருக்குச் சொல்லும். பெரியதன் பெயரை மாற்றிவிட்டால் சின்னது பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். புவனா இதை அவருக்கு வேறு மாதிரி சொன்னாள். “கடை போர்ட மாத்திப்புட்டு, பழைய பேருக்குக் கடுதாசி வரலன்னு தபால்காரர ஏசுறீங்க நானா.”

“சரி சரி. பிள்ளைக்கு வாய் மட்டும் கொறவில்ல,” என்று சொல்லிவிட்டு அவர் சந்தோஷமாக இறங்கிப் போனார்.

நானும் தப்பியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிப்ளோமா வகுப்பில் படித்தவர்கள். படித்த காலத்திலிருந்தே அவளுக்கு என் அவசரம் பிடிக்காது. ஒருமுறை வேலை நெருக்கடியில், ஒரு கார் கேமை அவள் எடுக்கும் முறையில் எடுக்காமல் சுருக்கு வழியில் இமேஜ் எடுத்தேன். ஓடியது. பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

“பாட்டு எங்க?”

“கேம் ஓடுதே புவனா.”

“ஓடுது. ஊமையா ஓடுது.”

அந்தச் சீடிகள் சிலவற்றில் பாட்டு தனியாகப் பதிந்திருக்கும். சுருக்கு வழியில் எடுத்தால் அது விடுபட்டுவிடும். தெரிந்தும் செய்திருந்தேன். “பாதி நெரைய விட்டுட்டு கொழுந்து எடுத்தா கங்காணி சும்மா விடுவாரா, இஞ்சினியர் ஐயா?” என்றாள், தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். திரும்ப எடுத்தேன்.

அவளுக்கென்று ஒரு சீடி இருந்தது. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில், அவளும் செல்வாவும் சிறுவயதில் விளையாடியது. ஏரியில் படகோட்டி மீன் பிடிக்கிற கேம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எந்தப் பட்டன் எதற்கென்று குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து விளையாடினார்களாம். பொழுது சாய்ந்து லயம் முழுக்க லைட் போட்டால் கரண்ட் இறங்கி மெசின் நின்றுவிடும். அதனால் கடைசிவரை போனதேயில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதை இமேஜாக எடுத்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விளையாடி, விட்ட இடத்தை சேவ் செய்து வைப்பாள். எமுலேட்டரின் புதிய பதிப்பைப் போடச் சொன்னால் விடமாட்டாள். “ஓடுற சாமான்ல கை வைக்காதீங்க. வைக்கத்தான் வேணும்னா மொதல்ல காப்பி எடுங்க.”

ஆஸ்பத்திரியில் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியதும் சீடியைப் பற்றித்தான். “கடைய பூட்டி வைக்காதீங்க. அந்த வாத்தியாரோட சீடில கீறல் இருக்கு. ரெண்டு தரம் வாசிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி வந்தா மட்டும் குடுங்க.” சரி என்றேன். வேறு ஏதாவது பேசியிருக்கலாம். மறுநாள் பேசலாம் என்று நினைத்தேன்.

அவளுடைய மரண அறிவித்தலை நானே செய்தேன். வேறு கடையில் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கை அதன் பாட்டில் செய்தது. அளவு தெரியும், எழுத்துரு தெரியும், படம் எங்கே வரவேண்டும் என்று தெரியும். பிறகு அவளுடைய போட்டோக்கள், குரல் பதிவுகள், கேம் எல்லாவற்றையும் சிதறாமல் இருக்கட்டும் என்று ஒரே இடத்தில் சேர்த்து வைத்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் பகலில் செல்வா கடைக்கு வந்தான். கொழும்பில் வேலை, அன்றைக்கே பஸ் ஏற வேண்டும்.

“மச்சான், அந்த மீன் கேம் இருக்கா? அக்கா எதுவரைக்கும் போயிருக்குன்னு பாக்கணும்.”

எமுலேட்டரைத் திறந்தேன். இமேஜைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. திரும்பவும் அதேதான். இரண்டு பைலும் இருந்தன, பெயர்களும் பொருந்தின. பெரிய பைலை அவள் எடுத்து வைத்திருந்த காப்பியோடு ஒப்பிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. காப்பியும் அதே இடத்தில்தான் இருந்தது. அதுவும் திறக்கவில்லை. சீடியைப் போட்டால் அது பாதியில் சுற்றி நின்றது, கீறல். அவள் விளையாடிய கேம் இனி அந்த பைல்களில் மட்டும்தான். 

“விடுங்க மச்சான்,” என்றான் செல்வா. “அதுவும் போகட்டும்.”

அந்நேரம் பாரூக் நானா பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“தம்பி, தங்கச்சி இருந்தா என்னா கேப்பாண்டு தெரியுந்தானே?”

“நான் ஒண்ணும் மாத்தல நானா,” என்றேன்.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். தேத்தண்ணியை ஊற்றினார். காத்திருந்தார்.

அப்போதுதான் போல்டரின் பெயரைப் பார்த்தேன். ‘அமரர் புவனேஸ்வரி’ என்றிருந்தது.

எங்கள் கடைக்கு மரண அறிவித்தல் வேலை வந்தால், அமரர் என்று போட்டு, இறந்தவர் பெயரை எழுதி ஒரு போல்டர் திறப்பேன். பல வருடப் பழக்கம். அவளுக்கும் அப்படியே திறந்திருக்கிறேன். பிறகு அவளுடையதையெல்லாம் அதற்குள்ளேயே போட்டிருக்கிறேன். பேனர் செய்யும் சாப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து ஒரு பிரச்சினையில்லை. அவளுடைய பழைய எமுலேட்டருக்கு வாசிக்கத் தெரியாது. வழியில் அந்தப் பெயர் இருக்கும்வரை உள்ளே இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. கேமில் ஒரு பழுதும் இல்லை. நான் வைத்த பெயர்தான்.

செல்வாவும் அதை வாசித்துவிட்டான். “அத எடுத்துடுங்க மச்சான்,” என்றான்.

எடுத்தேன். ஆங்கில எழுத்தில், அவள் முன்பு வைத்திருந்ததைப்போல, புவனா என்று மட்டும் அடித்தேன். திறந்தது. முதலில் பாட்டு வந்தது. பிறகு ஏரி. அவள் நிறுத்தி வைத்திருந்த இடத்தில், மறுகரைக்குக் கொஞ்சம் முன்னால், படகு நின்றது.

“ஒரு மீன் புடிக்கவா?” என்று கேட்டான் செல்வா.

“காப்பி எடுத்துட்டு.”

காப்பியில் விளையாடினான். ஒரு மீனும் விழவில்லை. “அக்கா இருந்தா ஏசும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து, பஸ்ஸுக்குப் போனான். அவள் சேவ் செய்தது தொடப்படாமல் இருக்கிறது. அந்தப் படகை நான் மறுகரைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும் அந்தக் கேள்வியும்தான். காலையில் கடை திறக்கும்போது மேசை, கம்ப்யூட்டர், அவள் கதிரை எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றும் ஓடுவதில்லை. என்ன மாறியது என்று எனக்குத் தெரியும். போல்டரின் பெயரைத் திருப்பி மாற்ற முடிந்தது. சந்தியில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில் அவள் பெயரை அப்படி மாற்ற முடியாது.

வாத்தியாரின் சீடியை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஒரே மாதிரி வந்திருக்கிறது. அவளிடம் சீடி கொடுத்த மற்றவர்களும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு உறையிலும் அவள் கையால் பெயர் எழுதியிருக்கிறாள். ஓடவில்லை என்று திரும்பி வந்தால், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று நானும் கேட்பேன். கோபிக்க வேண்டாம். அவளைப்போல் சிரித்துக்கொண்டு கேட்க எனக்கு வராது.