நேரம் போடாத சாதகம்

அப்பா வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட மாதத்தில்தான் நாங்கள் தைவான் நாடகம் பார்க்கத் தொடங்கினோம். அவர் விழுவதற்கு ஒரு கிழமை முன்னால்தான் என் விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர், கொழும்புத்துறைக்காரர், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற ஆள், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம்.

"சாதகத்தைக் கொண்டு வரச் சொல்லு. பொருந்தினால் பாப்பம்" என்றார்.

சாதகத்துக்கு எங்கே போவது? அவர்கள் வீட்டில் சாதகம் எழுதுகிற வழக்கமே இல்லை. போதாக்குறைக்கு அவர் பிறந்தது, குடும்பம் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில். தேதி தெரியும். நேரத்தை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பொருத்தம் பார்த்துச் சொல்கிற மனிதர் அவர். தன் மகளுக்கு மட்டும் பாராமல் விடுவாரா?

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா இறந்து போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. சாய்மனைக் கதிரையில் பிளாஸ்டர் காலை நீட்டிக்கொண்டு அவர் ஒரு பக்கம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம். தொலைக்காட்சியாவது கதைக்கட்டும் என்று, தோழி பென் டிரைவில் போட்டுத் தந்த நாடகத்தை ஒரு நாள் விளக்கு வைத்த கையோடு போட்டுவிட்டேன். கீழே ஓடுகிற ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மனத்தாங்கல் இருந்தாலும் அதற்கு வாய் திறக்கத்தானே வேண்டும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே இறைச்சி வைத்து ஆவியில் அவித்த பணிஸ் விற்கிற ஒரு பெண். அவள் கடையை இடித்து மாடி கட்ட வந்த ஒரு பொறியியலாளன். முதலில் சண்டை, பிறகு காதல். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் தடுக்கி விழுவாள். எங்கே நின்றாலும் அவன் ஓடி வந்து பிடித்துவிடுவான்.

"உவளுக்கென்ன, கண் தெரியாதோ? எந்த நேரமும் விழுறாள்" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நான் விழேக்கை ஒருத்தனும் ஓடி வந்து பிடிக்கேல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவரே கேட்கத் தொடங்கினார். நான் வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த முதலே, "இண்டைக்கு அந்தக் கடையை இடிப்பினமோ?" என்பார். அவள் கடை இருக்கிற சந்தையைக் காட்டினால், "உது எங்கடை மருதனார்மடம் மாதிரியெல்லோ கிடக்கு" என்பார். இருவரும் முத்தமிடப் போகிற கட்டம் வந்தால் அப்பாவுக்குத் தண்ணீர் விடாய்க்கும். நான் குசினிக்குப் போய் ஆற அமர வருவேன்.

ஒரு நாள், நாடகத்தில் பையனின் தாய் இரண்டு பேருடைய பிறந்த தேதியையும் சிவப்புக் கடதாசியில் எழுதிக்கொண்டு கோயிலடிச் சோதிடரிடம் போனாள். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அவையளும் பாக்கிறவையோ! நிப்பாட்டு, நிப்பாட்டு. தேதியளை வாசி."

வாசித்தேன். அலுமாரிக்கு மேலே கட்டி வைத்திருந்த பழைய பஞ்சாங்கங்களை இறக்கித் தரச் சொன்னார். தைவானில் நேரம் எங்களைவிட எவ்வளவு முந்தி என்று கேட்டார். இரண்டரை மணித்தியாலம் என்றேன். நடிக்கிற ஆட்களுக்கு, எவரோ மேசைக்கு முன்னால் இருந்து யோசித்து எழுதிய தேதிகளுக்கு, என் தகப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நட்சத்திரம் கணித்தார். திரையில் அந்தச் சோதிடர் நல்ல பொருத்தம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"உவனுக்கு என்ன தெரியும்? பெடியன் ரோகிணி, பெட்டை அத்தம். ரெண்டும் கழுத்து ரச்சு. செய்யவே கூடாது."

ரச்சுப் பொருத்தம் தாலிக்கானது. அது தட்டினால் இருவரில் ஒருவருக்கு ஆயுள் இல்லை என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. நாடகத்தில் வருகிறவர்களுக்கே இந்தக் கதியென்றால் எனக்கு எங்கே விமோசனம்?

அன்றிலிருந்து அப்பா நிம்மதியாக நாடகம் பார்க்கவில்லை. அந்தப் பையனை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. கடையை இடிக்க மாட்டேன் என்று வேலையையே விட்டவன், பெண்ணின் தகப்பனுக்குச் சுகமில்லாதபோது முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன். "நல்ல பெடியன்" என்று சொல்லுவார், உடனே முகம் வாடிப் போகும். கடைசிக்கு முதல் பகுதியில் மழைக்குள் அவனுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. "நான் சொன்னனான்" என்றார் அப்பா. சொன்னது பலித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கையிலிருந்த தேத்தண்ணி அப்படியே ஆறிப் போனது.

பையன் சாகவில்லை. காலில் பிளாஸ்டரோடு, அப்பாவைப் போலவே ஒற்றைக்காலை நீட்டிக்கொண்டு, கடைசிப் பகுதியில் கல்யாணம் கட்டினான். பணிஸ்கடை வாசலில் பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு முடிந்து பெயர்கள் ஓடி, திரை கறுத்தது. அப்பா கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் கொம்மாவுக்கும் ஒரு பொருத்தமும் பிசகேல்லைப் பிள்ளை" என்றார். "ரச்சும் பொருந்தித்தான் செய்தது."

அம்மாவைப் பற்றி அவர் கதைப்பது மிகக் குறைவு. இந்த வீட்டில் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மடியில் இருந்த பஞ்சாங்கத்தைத் திரும்பவும் புரட்டினார். பிறகு, ஏதோ தோட்டத்து அலுவல் கதைப்பவர் போல, "அந்தச் சிவப்புக் கடதாசியிலை நேரம் போடேல்லை எல்லோ?" என்றார்.

"இல்லை அப்பா. தேதி மட்டுந்தான்."

"பெடியன் பிறந்த அண்டைக்குப் பின்னேரத்தோடை ரோகிணி முடியுது. அதுக்குப் பிறகு பிறந்திருந்தால் மிருகசீரிடம். ரச்சு தட்டாது. நேரம் தெரியாமல் கணிச்சது என்ரை பிழை. நேரம் இல்லாட்டில் பொருந்தாதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

அவர் பஞ்சாங்கத்தை மூடி என்னிடம் நீட்டினார். அலுமாரிக்கு மேலே வைக்கப் போனேன், பின்னால் அவர் குரல் வந்தது.

"கொழும்புத்துறைப் பெடியன்ரை தாய்க்கு நேரம் ஞாபகமே இல்லையாமோ?"

"இல்லையாம் அப்பா. திரும்பவும் கேட்டுப் பாக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். அந்த மனுசியைக் கரைச்சல் படுத்தாதை." கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். "ஞாயிற்றுக்கிழமை, அவையின்ரை கோயில்லை பூசை முடிய அவனை இஞ்சை சாப்பிட வரச் சொல்லு. மரக்கறிதான் எண்டும் சொல்லிப் போடு."