ஹலோக்காரரும் தலைவரின் காலர் மைக்கும்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சில நேரம் எனக்கே அது மறந்துபோகும். ஊருக்கு அவர் ஹலோக்காரர். மைக் செட் வைத்திருக்கிறவர் மேடைக்கு மேடை "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்க்காமல் வேறு என்ன செய்வார்? ஆனால் இவருக்கு அது தொழிலோடு நிற்கவில்லை. புது டம்ளர் வாங்கினாலும் அதற்குள் ஒரு ஹலோ சொல்லிப் பார்ப்பார். கல்யாணத்தன்று என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தையும் அதுதான். நான் "கேக்குது" என்றேன். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கூட்டங்களில் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டு மிக்சரோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு மைக்குக்கும் அதில் ஒரு குமிழ். மேலே தள்ளினால் மைதானம் முழுக்கக் கேட்கும், கீழே இறக்கினால் வெளியே ஒன்றும் வராது. ஆனால் இறக்கின பிறகும் இவர் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். என் வேலை பக்கத்தில் நின்று, வயரில் கால் வைக்கிறவர்களை விரட்டுவது. அதற்கு எனக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

இந்தத் தலைவர்கள் இருக்கிறார்களே, மேடையில் நாட்டையே தூக்கி நிறுத்துவார்கள், சட்டையில் குத்தியிருக்கும் காலர் மைக்கை அணைக்க மட்டும் தெரியாது. கைதட்டல் கேட்டதும் தலைகால் புரியாது. மைக்கோடு கழிவறைக்குப் போனவர் உண்டு. தன் கட்சி வேட்பாளரையே பின்னால் போய் வாய்க்கு வந்தபடி திட்டினவர் உண்டு. எதுவும் மைதானத்துக்கு வந்ததில்லை. கடைசி வணக்கம் சொன்ன நொடியில் இவர் விரல் குமிழை இறக்கிவிடும், ஹெட்போன் கழுத்துக்கு வந்துவிடும். "ஊருக்குன்னு பேசினது ஊருக்கு. மத்தது அவங்களுக்கு" என்பார். எல்லாக் கட்சிக்காரர்களும் இவரையே கூப்பிடுவதற்கு அதுதான் காரணம்.

எங்களுக்கு ஒரே மகள். முப்பதைத் தாண்டியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். டவுன் பஸ் ஓட்டுகிறாள், அதுவும் என்ன ஓட்டு! அவளோடு வாழ்கிறவள் ஒரு பல் டாக்டர். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை, அந்தக் கடவாய்ப் பல்லை எடுத்துடணும்" என்றாள். அத்தையாம். பல்லோடு என் கோபத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டாள். இவரை மாமா என்று கூப்பிடுவாள். அந்த மாமாவில் இவர் வெண்ணெயாய் உருகிவிடுவார்.

போன வருஷம் பாப்பாவுக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன். நாங்கள் மைக் செட்டோடு வெளியூரில் இருந்தோம். டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். "நீங்க பேஷண்டுக்கு யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் உண்மையைச் சொன்னாள். "சொந்தக்காரங்க யாராவது வரட்டும்" என்று வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் அந்தச் சட்டம் வரப்போகிறது என்று கேட்டதும் நான் குதித்தேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் தங்களைத் தம்பதியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிற சட்டம். சபையில் ஓட்டெடுப்பு வரவேண்டும். இழுபறி, ஓரிரு ஓட்டில் போய்விடலாம் என்றார்கள். அதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் எங்கள் தொகுதியிலிருந்து சபைக்குப் போன தலைவரேதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். "மக்களே என் குடும்பம்" என்று ஆரம்பித்து, "இந்தக் கேடு நம் வீட்டுக்குள் நுழைய விடலாமா?" என்று முடிப்பார். அவர் கூட்டத்துக்கும் மைக் எங்களுடையதுதான்.

"வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"நான் போகலேன்னா மைக் வேலை செய்யாதா? என் பொண்ணைப் பத்தி என்ன பேசறான்னு நானும் முழுசாக் கேட்டுக்கிறேனே" என்பார்.

ஒரு சாயங்காலம் தலைவர் பேசி முடிக்கும் நேரத்தில் கடைசி ஸ்பீக்கர் கரகரவென்றது. "இறங்கினதும் குமிழை இறக்கிடு" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு இவர் ஓடினார். இறக்கிவிட்டேன். ஆனால் ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்கிற நல்ல பழக்கம் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லையே. மேடைக்குப் பின்னால் தலைவர் போனில் பேசுவது காதுக்குள்ளேயே கேட்டது.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டியாடா? ... கை நடுங்குதுன்னா விடாத, நான் வந்து விடறேன். ... இல்லடா, யாரும் பக்கத்துல இல்ல. ஊருக்குத்தான் நீ மாடியில வாடகைக்கு இருக்கிறவன். எனக்கு நீதான்டா குடும்பம். இத்தனை வருஷம் ஒண்ணா வாழ்ந்தாச்சு, இன்னுமா சந்தேகம்?"

என் கை குமிழ் மேல்தான் இருந்தது. இன்னும் பாதி கூட்டம் கலையவில்லை. ஒரு விரல் தூக்கினால் போதும். இந்த ஆள் இனி எந்த மேடையிலும் ஏற முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன், தள்ளியிருப்பேன். அதற்குள் இவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார், ஹெட்போனைப் பார்த்தார், என் விரலை எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"போன எலக்‌ஷன்லயே தெரியும். ஹெட்போனைக் கழட்டறதுக்குள்ள காதுல விழுந்துடுச்சு" என்றார்.

வேனில் வீடு வருகிறவரை நான் திட்டிய திட்டுக்கு மிக்சரே கருகியிருக்க வேண்டும். பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் வயிற்றில் வைத்திருந்திருக்கிறார்! உப்பு டப்பாவை எங்கே வைத்தேன் என்று கேட்டால் தெருவுக்கே சொல்கிற மனிதர்.

வீட்டில் பாப்பாவும் டாக்டரம்மாவும் சாப்பிட வந்திருந்தார்கள். நான் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. தட்டு வைப்பதற்குள் கொட்டிவிட்டேன். இவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா என் பக்கம். "அத்தை சொல்றதுதான் சரி மாமா. அவர் வீட்டுக்குள்ள நான் எட்டிப் பார்க்கல. அவர்தான் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ள வர்றாரு. எங்களை வாசல்ல நிறுத்தறவருக்கு மட்டும் எதுக்குத் திரை?"

"அதானே!" என்றேன்.

பாப்பா நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "சரி, மைதானமே கேட்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிப்பாங்க? பொய் சொன்னதுக்கா? மேடையில பொய் சொன்னான்னு எவன்மா சிரிச்சிருக்கான்? 'இவனும் அந்த மாதிரிதானாம்'னு சிரிப்பாங்க. அந்த மாதிரின்னா யாரு? நானும் இவளும். மறுநாள் என் பஸ்ல ஏறுறவன் அதே சிரிப்போட ஏறுவான்."

"அப்போ அவர் ஓட்டுப் போட்டு நம்மளைத் தோற்கடிக்கட்டும்னு விட்டுடலாமா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

பாப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

இவர் மெல்ல வாயைத் திறந்தார். "மாடியில இருக்கிறவர் எந்த மேடையிலயும் ஏறலையே. அவர் வாழ்க்கையை நான் எதுக்கு ஸ்பீக்கர்ல போடணும்?"

என்னிடம் இருந்தது கோபம் மட்டும்தான். அதை வைத்துப் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் இவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு தலைவர் அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் காபியைக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

"'ஐயா, இறங்கினதும் காலர் மைக்கை அணைச்சிடுங்க, போன்ல பேசறது எங்களுக்குக் கேட்குது'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். மனுஷன் வெளுத்துப்போயிட்டார். கதவைச் சாத்தினார். 'உனக்கு என்ன வேணும்?'னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சுருக்னு ஆயிடுச்சு. மிரட்ட வந்தேன்னு நினைச்சுட்டாரே! 'ஒண்ணும் வேண்டாம்யா. இது எங்க வீட்டைத் தாண்டிப் போகாது. ஓட்டு உங்க இஷ்டம். ஆனா நீங்க கேடு கேடுன்னு சொல்றீங்களே, அது என் பொண்ணு. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்'னுட்டு வந்துட்டேன்."

ஒண்ணும் வேண்டாமாம்! கையில் கிடைத்த பிடியைத் துடைத்து, மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் டம்ளருக்குள் ஹலோ சொன்னார். நான் கேக்குது சொல்லவில்லை.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் தலைவரின் கடைசிக் கூட்டம். எனக்குப் போக இஷ்டமில்லை, வயரை மிதித்துவிடுவார்களே என்றுதான் போனேன். சாக்கடையைப் பற்றிப் பேசினார், சாலையைப் பற்றிப் பேசினார், மறுபடி சாக்கடைக்கே வந்தார். கட்சிக்காரர்களே கொட்டாவி விட்டார்கள். ஒருவழியாக "மக்களே என் குடும்பம்" என்றார். எனக்குத் தெரியும் அடுத்தது என்ன என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் எங்கள் மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதே வரியைத்தான் சொன்னார், கேடு என்கிற சொல் உள்பட. குரல் மட்டும் செத்துப்போயிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார்.

இவர் குமிழை இறக்கினார். ஹெட்போனைக் கழற்றப் போன கை நின்றுவிட்டது.

"என்னங்க?" என்றேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தை விரித்து என் காதில் வைத்தார். கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெட்கக்கேடு.

"ஹலோ," என்றது தலைவரின் குரல். "ஹலோக்காரரே... கேக்குதா?"

அந்த மைக்கில் பேசத்தான் முடியும், பதில் போகாது. இவர் எழுந்து நின்று வலது கையை உயரத் தூக்கினார். மேடைப் படிக்குப் பக்கத்தில் திரையை ஒட்டித் தலைவர் நிற்பது தெரிந்தது. காலரை வாய்க்கு அருகில் பிடித்திருந்தார்.

"நாளைக்கு நான் சபைக்குப் போகல. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுவேன். அதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல. உங்க பொண்ணுகிட்ட..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. மிக்சர் பக்கத்துப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தானாக மைக்கை அணைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் டிவியில் பார்த்தோம். அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. சட்டம் ஒரே ஓட்டில் நிறைவேறியது. டாக்டரம்மா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். பாப்பா அப்பாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்குத் தலைவர் மேல் கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரு நாள் வீட்டில் படுத்துக்கொண்டதற்காக நான் ஒன்றும் மாலை போடப்போவதில்லை. எத்தனை பிள்ளைகள் அந்தக் கேடு என்கிற சொல்லைக் கேட்டுக்கொண்டு தூங்கப் போயிருக்கும்! ஆனால் அந்த மாடி வீட்டுக்காரருக்கு யார் கண்ணும் படாமல் இருக்கட்டும், கண் மருந்து வேளைக்கு விழட்டும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பதிவு செய்த நாளில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். மைக்கே தேவையில்லாத அளவு மண்டபம். இவர் கேட்பாரா? இருக்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இறக்கினார். பாப்பாவின் காலரில் தன் கையாலேயே மைக்கைக் குத்திவிட்டார். அவள் வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள், வணக்கம் சொன்னாள், டாக்டரம்மாவைத் தேடிப் பக்கத்து அறைக்குள் போனாள்.

இவர் வழக்கம்போலக் குமிழைத் தொடுவதற்குள் ஸ்பீக்கரில் வந்துவிட்டது.

"ஏய், அழாதே, மை கரையுது. பதிவு பண்ணியாச்சு, இனி எந்த வாசல்லயும் உன்னை யாரும் நிறுத்த முடியாது. வா, மூக்கைத் துடை. நான் உன் ஆளுன்னு ஊரே பார்க்கட்டும்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. குமிழைப் பாதி இறக்கிவிட்டார். அதற்குள் பாப்பா கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா, மைக் ஆன்லதான் இருக்கு. எனக்குத் தெரியும். இறக்காதீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்குதுல்ல?" என்றேன்.

அவர் அந்தக் குமிழை மேலே, கடைசி வரை தள்ளினார். தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.