நெடுங்கேணியிலிருந்து வந்த கண்

வவுனியாவில் மிருக நோய்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். செத்த மாட்டின் ஈரல், ஆட்டின் நுரையீரல் என்று துண்டுகள் அழுகாமலிருக்கப் போமலினில் ஊறியபடி வரும். அவற்றை மெழுகில் புதைத்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் டொக்டரிடம் கொடுப்பது என் வேலை. கண் ஒன்றை அதுவரை நான் தொட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். நெடுங்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்த போத்தலை மேசையில் வைத்தார். உள்ளே முழுசாக ஒரு மாட்டுக் கண். கருமணியின் ஓரத்தில் பூக்கோவாப் பூப்போல முடிச்சு முடிச்சாகச் சதை வளர்ந்திருந்தது. புற்றாக இருக்கலாம் என்று, முதல்நாள் அதை வெட்டியெடுத்த மிருக வைத்தியர் கடிதத்தில் எழுதியிருந்தார்.

"பஸ்ஸுக்குள்ள பக்கத்தில இருந்தவர் என்ன மணக்குது எண்டு கேட்டவர். மருந்து எண்டு சொன்னனான்," என்றார். "இருந்து மறுமொழியை வாங்கிக்கொண்டு போறன், பிள்ளை."

"இண்டைக்கு ஏலாது, அம்மா. ஒரு கிழமைக்கு மேல ஆகும்."

"அவ்வளவு நாளோ? மனுசருக்கு ரத்தம் எடுத்தா பின்னேரமே சொல்லுவினம்." பிறகு கேட்டார், "பிள்ளை எந்த இடம்?"

"அக்கராயன்."

"அப்ப மாடு தெரிஞ்ச பிள்ளைதான்."

எங்கள் வீட்டில் உழவுக்கு இருந்தது ட்ராக்டர். ஆனால் அவருடைய முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபின் நான் அதைச் சொல்லவில்லை. மாடு நல்ல வெள்ளை முகக்காரி, மூன்று கன்று போட்டவள், இப்போதும் வயிற்றில் கன்று இருக்கிறது என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

நாலு நாள் ஊறவிட்டு, வளர்ந்த சதை இரு பக்கமும் வரும்படி கண்ணை இரண்டாகப் பிளந்தேன். ஒரு பாதியைத் திரும்பவும் போமலினில் போட்டேன். மற்றப் பாதியை, படிப்படியாகச் செறிவு கூடிய மதுசாரங்களில் ஊறவைத்து நீர் போக்கி மெழுகில் புதைத்தேன். கண்ணின் நடுவில் இருக்கும் வில்லை போமலினில் கல்லாக இறுகிவிடும், அதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கண்ணை முழுமையாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அதை அப்படியே விட்டிருந்தேன். சீவும் இயந்திரத்தைச் சுற்றியதும் அலகு வில்லையில் மோதித் துள்ளியது. வில்லை நொறுங்கி, சுற்றியிருந்த எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போனது. வளர்ந்த சதையின் ஓரம், டொக்டர் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம், தூளாகக் கிடந்தது.

டொக்டர் ஏசவில்லை. "மற்றப் பாதி இருக்குத்தானே. வில்லையை எடுத்துப்போட்டுச் செய்யும்," என்றார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்த வேளை பார்த்து அந்த அம்மா வந்து நின்றார். பட்டணத்தில் வேறு அலுவலாம். அப்படியே கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அம்மா, ஒரு பிழை விட்டிட்டன்."

"பழுதாப் போச்சோ?"

"பாதி பழுதாப் போச்சு. இன்னும் ஒரு பாதி இருக்கு."

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை. அவளும் இப்ப பாதியோடதானே சமாளிக்கிறாள்," என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

இரண்டாம் பாதியில் வில்லையை இடுக்கியால் மெல்ல எடுத்தேன். விழித்திரை நனைந்த சிகரெட் தாள்போல ஆடியது. மூச்சுக்கூட அதன்மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மதுசாரத்திலும் வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் விட்டேன். புது அலகு மாட்டிச் சீவியபோது மெழுகு ரிப்பன்போல அறாமல் வந்தது. வெந்நீரில் மிதக்கவிட, சுருக்கம் தானாக விரிந்தது. தகட்டில் ஏந்திச் சாயமிட்டு டொக்டரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன். அதுவரை எந்தத் தகட்டுக்கும் நான் அப்படி நின்றதில்லை.

மறுமொழியைக் கேட்க அந்த அம்மா வந்தபோது டொக்டரே சொன்னார்: "புற்றுத்தான், அம்மா. ஆனா முழுக்க எடுபட்டிருக்கு. கண்ணுக்குள்ள இறங்கேல்லை. மற்றக் கண்ணை மட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவர் தலையாட்டினார். பிறகு என்னிடம், "நானும் ஒருக்கா பாக்கலாமோ?" என்றார்.

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"கறுப்பா மயிர் மாதிரித்தான் தெரியுது."

"அது உங்கட கண் மயிர். கொஞ்சம் பின்னுக்கு வாங்கோ."

விழித்திரை இருந்த இடத்துக்குத் தகட்டை நகர்த்தி வைத்தேன். இளஞ்சிவப்புக்கு நடுவே ஊதாப் புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கும் இடம் அது. அவர் மறுபடி குனிந்தார்.

"சீலைக் கரை மாதிரி இருக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதாலயோ அவள் என்னைப் பாத்தவள்?"

"ஓம், அம்மா."

அவர் எழும்பும்போது தகட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். விரல் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுத் தந்தார்.

மாரிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். கன்று பிறந்திருந்தது, அதுவும் வெள்ளை முகம். கண்ணை எடுத்த முதல் கிழமை தாய் கட்டையில் இடித்துக்கொண்டு திரிந்தாளாம். இப்போது கண் இல்லாத பக்கத்தில் கன்றை நிற்கவிடாமல், தானே சுற்றிவந்து மறுபக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். அவளைத் தடவப் போன என்னை அந்த அம்மா தோளில் பிடித்து நிறுத்தி, "இந்தப் பக்கத்தால வாங்கோ, பிள்ளை. ஆளைத் தெரிஞ்சா ஒண்டும் செய்யமாட்டாள்," என்றார்.

இப்போதும் மாதத்தில் ஒருமுறை மாட்டின் அந்த மற்றக் கண்ணைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். பெரும்பாலும் படத்தில் மூக்குத்தான் இருக்கும். இன்னொருக்கா எடுங்கோ, அம்மா என்று எழுதுவேன். பத்து நிமிடத்தில் அடுத்த படம் வரும். அதில் கண்ணும், கண்ணிமையை விரித்துப் பிடிக்கும் அவருடைய பெருவிரலும் தெரியும்.