நான் ஜெயித்த கட்சி

தாம்பரத்தில் நான் பி.யு.சி. படித்தபோது வரலாற்று வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு விவாதம் வைத்தார்கள். அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களுக்காகப் பேச யாரும் முன்வரவில்லை.

“உனக்குத்தான் வாய் நீளமாச்சே, நீயே போடி” என்று தோழி என்னைத் தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். அந்தத் திமிரில் ஏறி நின்றேன்.

“அவர்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி. நாங்கள் சோறு போடாவிட்டால் யார் போடுவார்கள்? எழுத்தைக் காட்டிக் கெடுத்துவிட்டால் நாளைக்கு வயலில் யார் இறங்குவார்கள்?” என்று முழங்கினேன். வகுப்பே கைதட்டியது. பரிசும் எனக்குத்தான்.

“பிரமாதம்மா! எந்த புக்ல படிச்சே?” என்று சார் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. திருநீர்மலைப் பக்கம் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தின் சொந்தக்காரர், என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று எங்கள் வாசலில் நின்று கத்தியது அது.

“லைப்ரரி புக்குதான் சார்” என்றேன்.

அந்த நிலத்துக்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கைதட்டியவர்கள் மேலும் உண்டு. ஆனால் என் மேல் இருக்கும் கோபம்தான் ஆறவே இல்லை. கைநாட்டு வைக்கும் என் அப்பா, அன்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே அவருக்குப் பதில் சொன்னார்:

“வேலைக்கு நான் கீறேன் சாமி. எம் பொண்ணு படிக்கட்டும்.”

அப்படிப் படித்த நான், என் அப்பா வாசலில் நின்று கேட்ட பேச்சு அது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நூலகத்தைச் சொன்னேன்.